பாதுகாப்பு இணைப்பும் பஞ்சாங்கமும்: ஓர் ஆய்வு

பிரவுசர் சிவப்பு முக்கோணத்தைக் காட்டி, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்ததும் சர்வர் நிர்வாகியின் நினைப்பு நேரே ஊடுருவிகளிடம் ஓடுகிறது. குறியாக்கத்தை எவனோ உடைத்துவிட்டான் என்று கலங்குகிறார். பெரும்பாலும் எவனும் எதையும் உடைத்திருக்க மாட்டான். பாதுகாப்பு இணைப்பியல் கணிதத்தின் கிளை அன்று, பஞ்சாங்கத்தின் கிளை என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2020-இல் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக் காரணிப்படுத்திய ஆர்எஸ்ஏ எண்ணின் நீளம் 829 பிட். தளங்களில் பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ சாவியோ 2048 பிட். அதன் அருகே போனவர் எவருமில்லை. ஆனால் அதே சாவிக்குரிய சான்றிதழைச் செல்லாக்காசாக்க ஒரு நள்ளிரவு போதும். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 வலையமைப்பில் கோடிக்கணக்கான கைபேசிகள் டேட்டா இழந்து நின்றன. ஜப்பானில் சாஃப்ட்பேங்க்கும் அன்றே முடங்கியது. காரணம், எரிக்சன் மென்பொருளுக்குள் நாள் கடந்துபோன சான்றிதழ். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் படுத்ததும் இதே தோஷத்தால்தான்.

சான்றிதழில் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் உண்டு. அவற்றுக்கிடையே இன்று விழுகிறதா என்று தீர்ப்பளிப்பது சர்வர் அன்று, பார்வையாளரின் கடிகாரம். மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்த கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அதன் கண்ணுக்கு உலகத்துச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஆகவே ஒரே கணினியில் எல்லாத் தளங்களும் பிழை காட்டினால், சர்வரைத் தொடாமல் அந்தக் கணினியின் தேதியைப் பார்க்க.

அற்றேல், நாள் சரியாக இருந்தும் இடைச் சான்றிதழை இணைக்காத சர்வரில் பிழை வருகிறதே எனின், அந்த மறுப்பு வலுவானதுதான். என்ஜின்எக்ஸ் அமைப்பில் முழுச் சங்கிலிக் கோப்புக்குப் பதில் தனிச் சான்றிதழ்க் கோப்பைக் கொடுத்தால், மேசைக் கணினியின் குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொண்டு தளத்தைத் திறந்துவிடும்; கர்ல் மறுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸோ முன்பு வேறு தளத்தில் கண்ட இடைச் சான்றிதழை நினைவில் வைத்திருந்து சமாளிக்கும். முன்னமே கண்டவனுக்குத் திறக்கிறது, புதிதாய் வந்தவனுக்குத் திறப்பதில்லை என்றால் இதுவும் காலக் கோளாறே என்க. சான்றிதழில் உள்ள பெயரும் தளத்தின் பெயரும் ஒவ்வாத பிழையை விரிக்கவில்லை. பொருத்தம் பார்ப்பதும் பஞ்சாங்கக்காரர் வேலைதானே. துணிபுக்கு மேலும் ஒரு சான்று: லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. வேரின் முடிவு நாளைப் பார்க்கும் வழக்கமே இல்லாத பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் கவலையின்றித் தொடர்ந்தன. நாள் பார்த்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 தடுக்கி விழுந்தது.

இப்போது சர்ட்பாட் தானே புதுப்பிக்கிறது, பஞ்சாங்கம் எதற்கு என்பாரும் உளர். 90 நாள் சான்றிதழை அது நேரத்தோடு புதுப்பிப்பது உண்மை. ஆனால் என்ஜின்எக்ஸ் சான்றிதழை வாசிப்பது தொடங்கும்போதும் ரீலோடு செய்யும்போதும் மட்டுமே. வட்டில் புதியது வந்து உட்கார்ந்திருக்க, நினைவகத்தில் பழையதை வைத்துக்கொண்டு அது வாரக்கணக்கில் பரிமாறும். நிர்வாகி கோப்பைத் திறந்து முடிவு நாளைப் பார்த்து, எல்லாம் சரி என்று சத்தியம் செய்வார். பார்க்க வேண்டியது கோப்பை அன்று. ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு வெளியிலிருந்து இணைந்து, சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழின் நாளை. இரண்டும் வேறுபட்டால் மருந்து ரீலோடு ஒன்றே. இந்தப் பழக்கம் விரைவில் அன்றாடக் கடனாகும்: சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச் 15 முதல் ஒரு சான்றிதழின் உச்ச ஆயுள் 47 நாள். ஒரு மண்டலத்துக்கு ஒரு நாள் குறைவு. அன்று புதுப்பித்துவிட்டு விரதம் தொடங்கும் நிர்வாகி, விரதம் முடியுமுன் இன்னொரு முறை ரீலோடு செய்தாக வேண்டும்.