கணக்கை முடிச்சுட்டோமுங்க, காரணம் கேக்காதீங்க!

வங்கியும் வாடிக்கையாளரும்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஏனுங்க, கடைக்கு அவசரம்னு ஒரு லட்சம் கடன் கேட்டா அப்பாரு காலத்துப் பத்திரம் வரைக்கும் துருவித் துருவிக் கேக்கறாங்க. இப்ப "உங்க கணக்கை முப்பது நாள்ல முடிச்சுக்கறோம்"னு ஒத்தைக் கடுதாசி. ஏன்னு கேட்டா "மேலிடத்து முடிவு"ங்கறாங்க. காரணத்தைச் சொன்னா வாயா வலிக்கும்?
– பேக்கரி உரிமையாளர், சரவணம்பட்டி

ப: வாய் வலிக்காதுங்க, சில சமயம் வேலை போகும். வங்கி வாய் திறக்காததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சட்டப்படி சொல்லக் கூடாது. இரண்டு, சொல்ல மனமில்லை. மூன்று, சொல்வதற்கு அந்தக் கிளைக்கே தெரியாது. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு மூன்றும் ஒரே முகமாகத்தான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு. உங்களுடையது எந்த ரகம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில் விழாமலிருக்க மேலே படியுங்கள்.

கே: என்னது, சொல்லக் கூடாதுன்னு ஒரு சட்டமா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், விளாங்குறிச்சி

ப: ஆமாங்க ஐயா. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 2002-ல் வந்த சட்டம். 2005 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. ஒரு பரிவர்த்தனை சந்தேகத்துக்குரியது என்று வங்கி முடிவுக்கு வந்துவிட்டால், தாமதமில்லாமல் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியதை வாடிக்கையாளரிடம் மூச்சு விடக் கூடாது. நீங்கள் தேர்வுக் கூடத்தில் பிட் அடிக்கும் பையனிடம் "தம்பி, பறக்கும் படை வருது"ன்னு முன்கூட்டியே சொல்லியிருப்பீர்களா? அதே நியாயம்தான். "ஆவணம் கேட்டாலே ஆள் உஷாராகிவிடுவான் என்று தோன்றினால், கேட்காமலே அறிக்கையை அனுப்பு" என்கிறது ரிசர்வ் வங்கி விதி.

ஆனால் அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. சந்தேக அறிக்கை அனுப்பிய ஒரே காரணத்துக்காகக் கணக்கில் வரவு செலவுக்குத் தடை போடக் கூடாது. ரகசியம் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதைச் சாக்காக வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லிச் சட்டம் இல்லை.

கே: நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. என்மேல எதுக்குச் சந்தேகம்?
– தென்னந்தோப்புக்காரர், கோவில்பாளையம்

ப: உங்களைச் சந்தேகப்படுவது மேனேஜர் இல்லை, கம்ப்யூட்டர். பத்து மாதம் தூங்கிய கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் வரவு, வந்த வேகத்திலேயே வெளியேற்றம் என்றால் அதற்கு மூக்கில் வேர்க்கும். தேங்காய் போட்ட பணம் வந்தது, ஆள்கூலியும் உரக்கடை பாக்கியும் அன்றைக்கே போனது என்பது அதற்குப் புரியாது. வியாபாரி கொடுத்த சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று: ஒரு மாதத்தில் ரொக்கமாகப் பத்து லட்சத்துக்கு மேல் புழங்கினால் வழக்கமான அறிக்கை ஒன்று தானாகவே போகும். அது சந்தேகம் இல்லை, சம்பிரதாயம்.

கே: கே.ஒய்.சி. கொடுக்கலைன்னு கணக்கை நிறுத்திட்டாங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?
– தையல் கடை வைத்திருப்பவர், சின்னவேடம்பட்டி

ப: ஒரு வார்த்தை போதாது, ஆறு முறை சொல்லியிருக்க வேண்டும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட திருத்தப்படி, கெடு முடிவதற்கு முன்னால் குறைந்தது மூன்று அறிவிப்பு, முடிந்த பிறகு மூன்று நினைவூட்டல். இரண்டிலும் ஒன்றாவது தபாலில் வரவேண்டும். கே.ஒய்.சி. புதுப்பிப்பது சாதாரண வாடிக்கையாளருக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை, நடுத்தர ரகத்துக்கு எட்டு, அதிக ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு இரண்டு. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் நீங்களே எழுதித் தரும் உறுதிமொழி போதும். ஆக, "எப்பொழுது, எப்படி அறிவித்தீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். இந்த இடத்தில் அவர்கள் மௌனம் சாதிக்க முடியாது.

கே: முகம் தெரியாத ஒருத்தன் டீக்கும் பப்ஸுக்கும் ஜிபேயில் பணம் போட்டான். பத்து நாள் கழிச்சு என் கணக்கே முடங்கிருச்சுங்க. கேட்டா, ஏதோ வெளி மாநில போலீஸ்ங்கறாங்க. நான் பப்ஸ் வித்தது குத்தமா?
– டீக்கடைக்காரர், சத்தி ரோடு

ப: பப்ஸ் குற்றமில்லை, அவன் கொடுத்த காசின் பூர்வீகம்தான் தகராறு. எங்கோ ஒருவர் ஏமாந்து 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்திருப்பார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாக ஓடியதோ, அத்தனையிலும் வரிசையாகக் கொக்கி விழும். வால் பகுதியில் உங்கள் கல்லாப்பெட்டி. இது மூன்றாவது ரகம். உங்கள் கிளைக்கு வந்தது ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். காரணம் அவர்களுக்கே தெரியாது.

கணக்கு மூடப்படவில்லை, முடக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முடக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 106-வது பிரிவு. முடக்கிய அதிகாரி அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு ரூபாய் தகராறுக்கு முழுக் கணக்கையும் பூட்டலாமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவையுங்கள் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கணக்கில் இருந்தது ஒன்பது லட்சத்துக்கு மேல், சந்தேகத் தொகை சுமார் இரண்டரை லட்சம். இரண்டரை லட்சத்தைத் தொடாமல் மிச்சத்தைப் புழங்கலாம் என்று உத்தரவானது.

நீங்கள் வங்கியில் கேட்க வேண்டியவை மூன்று: புகாரின் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. அதை வாங்கிக்கொண்டு, கடையின் உரிமச் சான்று, விற்பனைக் கணக்கோடு அந்த அதிகாரிக்கு எழுதுங்கள்.

கே: அண்ணா, பிஜில கூட இருக்கற பையன் "உன் அக்கவுண்டை மூணு மாசத்துக்குக் குடு, மாசம் பத்தாயிரம் தரேன்"கறான். குடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், சரவணம்பட்டி

ப: கொடுக்கலாம் தம்பி. கோவை மத்தியச் சிறையில் பிஜி வாடகையும் கிடையாது, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. மோசடிப் பணம் உன் பெயரில் வந்து உன் பெயரில் போகும், பிடிபடுவதும் நீதான். இப்படிப்பட்ட வாடகைக் கணக்குகளை மோப்பம் பிடிக்கவே "மியூல்ஹன்ட்டர்" என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியிருக்கிறது. ஏ.டி.எம். கார்டை அவனிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே முடக்கு. வீட்டிலும் சொல்லிவிடு.

கே: 2021-ல என் கரண்ட் அக்கவுண்டை மூடினாங்க. பட்டறைக்கு மோட்டார் பம்ப் பார்ட்ஸ் ஆர்டர் குடுத்தவங்க போட்ட பணம் திரும்பிப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரியலை.
– ஜாப் ஒர்க் பட்டறைக்காரர், கணபதி

ப: உங்களுக்குத்தான் தெரியாது. ஊருக்கே அச்சடித்துச் சொன்ன காரணம் அது! 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒரு வங்கியில் கேஷ் கிரெடிட் (சி.சி.) அல்லது ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) வைத்திருப்பவருக்கு இன்னொரு வங்கி கரண்ட் அக்கவுண்ட் திறக்கக் கூடாது என்றது அது. கடன் வாங்கியது ஓர் இடம், வரவு போடுவது வேறிடம் என்று சிலர் பணத்தைத் திருப்பிவிட்டதைத் தடுக்க வந்த விதி. யானைக்கு வைத்த பொறியில் கணபதிப் பட்டறைகளும் மாட்டிக்கொண்டன. கெடு 2021 ஜூலை 31-லிருந்து அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 29-ம் தேதி, மொத்த வங்கிக் கடன் ஐந்து கோடிக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்தது. உங்கள் கிளை நினைத்திருந்தால் அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கையில் கொடுத்திருக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. இது சுத்தமான இரண்டாவது ரகம், மனமில்லாத மௌனம்.

கே: எங்க அம்மிச்சி கணக்கை ரெண்டு மூணு வருசமாத் தொடலை. பணம் போயிருக்குமுங்களா?
– இல்லத்தரசி, கீரணத்தம்

ப: போகாதுங்க அம்மிணி. இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் கை படாவிட்டால் அது செயல்படாக் கணக்கு. மூடிய கணக்கு இல்லை. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் சேர்ந்துகொண்டே இருக்கும். 2024 ஏப்ரல் முதல், அந்தக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் போடவோ, மறுபடி உயிர் கொடுக்கக் காசு கேட்கவோ கூடாது. பத்து ஆண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள நிதிக்குப் போகும். அப்பொழுதும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும். எந்த வங்கி என்பதே மறந்துபோயிருந்தால், "உத்கம்" இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

கே: அது என் பணம்தானுங்களே? "எடுத்துக்கிட்டுப் போ"ன்னு சொல்ல அவங்க யாரு?
– ஆட்டோ ஓட்டுநர், குரும்பபாளையம்

ப: அவர்கள் உங்கள் கடன்காரர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வங்கியில் போட்ட பணம் வங்கியின் பணமாகிவிடுகிறது, அதை உங்களுக்குத் திருப்பித் தரும் கடன் மட்டுமே வங்கிக்கு உண்டு என்று 1848-லேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. நம் சட்டமும் அந்த வழிதான். கடன்காரர் ஒருவர் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, "இனிமே எனக்குக் கடன் தராதீங்க" என்றால் என்ன செய்வீர்கள்? ஆனால் நியாயமான அவகாசம் தர வேண்டும். 1923-ல் லண்டனில் ஒரு கம்பெனியின் கணக்கை லாயிட்ஸ் வங்கி ஒரு மாத அவகாசத்தில் மூடப் பார்த்தது. அந்தக் கம்பெனியின் தொழிலுக்கு ஒரு மாதம் போதாது என்றது நீதிமன்றம்.

கே: இந்தக் கொடுமையெல்லாம் நம்மள மாதிரி ஆளுகளுக்கு மட்டும்தானா?
– மளிகைக் கடைக்காரர், சிவானந்தபுரம்

ப: பணக்காரர்களின் வங்கி என்று பெயரெடுத்தது லண்டனின் கூட்ஸ். அங்கே கணக்கு வைத்திருந்த அரசியல்வாதி நைஜல் ஃபராஜையே 2023-ல் வெளியே அனுப்பினார்கள். அவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கினார். சுமார் நாற்பது பக்கம்! அவருடைய கருத்துகள் வங்கியின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். தாய் வங்கியான நாட்வெஸ்டின் தலைமைச் செயல் அதிகாரி அலிசன் ரோஸ், ஃபராஜின் கணக்கைப் பற்றி பி.பி.சி. செய்தியாளரிடம் பேசியதை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். வாடிக்கையாளரிடம் சொல்லாத காரணம் செய்தியாளரிடம் போயிருக்கிறது பாருங்கள்! அதன் பிறகு அங்கே விதி மாறியது: பொதுவாகத் தொண்ணூறு நாள் அவகாசம், எழுத்தில் காரணம்.

இங்கே அரசு வங்கியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் கோப்பைக் கேட்கலாம். விசாரணைக்கு இடையூறு என்றால் மறுக்கலாம், ஆனால் மறுப்பதையும் எழுத்தில் தர வேண்டும். அதிலிருந்தே எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

கே: மேனேஜர் நமக்கு ஒண்ணுவிட்ட மச்சானுங்க. தனியாக் கேட்டா சொல்லுவாரா?
– டிராக்டர் மெக்கானிக், அன்னூர்

ப: சொன்னால் அவருக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் உறவு போகும். அவரை விட்டுவிடுங்கள்.

கே: சரி, புகார் எங்கேதான் குடுக்கறது?
– ஐ.டி. ஊழியர், காளப்பட்டி

ப: முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. ஒரு சூட்சுமம் இருக்கிறது. வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். "ஏன் மூடினார்கள்?" என்று மட்டும் எழுதினால் மனு திரும்பி வரும். "அவகாசம் தரவில்லை, மிச்சப் பணத்தைத் தரவில்லை, கொடுத்த ஆவணத்தைப் பதியவில்லை, அதனால் என் செக் திரும்பி இவ்வளவு நஷ்டம்" என்று எழுதுங்கள். அது சேவைக் குறைபாடு. அதற்கு அவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டும்.

கே: வங்கி நம்ம கணக்கை மூடலாம். வங்கியவே முடக்கினா காரணம் சொல்லுவாங்களா?
– நூல் வியாபாரி, கரூர்

ப: உங்கள் ஊர்க்காரருக்குத் தெரியாததா! 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ம் தேதி தடை விழுந்தது. ஒருவர் இருபத்தைந்தாயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தும் விட்டார்கள். தொடர் நஷ்டம், வாராக் கடன், கரைந்துபோன மூலதனம் என்று அன்றைக்கே ரிசர்வ் வங்கி காரணங்களை வரிசையாக வெளியிட்டது. வங்கிக்குக் கிடைத்த அந்த மரியாதையைத்தான் நம் பேக்கரிக்காரரும் கேட்கிறார்.

கே: இவ்வளவு எதுக்குங்க? நானே அவங்களுக்கு முன்னாடி, காரணம் சொல்லாம என் கணக்கை முடிச்சுக்கறேன். முடியுமா?
– கோபக்கார வாசகர், துடியலூர்

ப: தாராளமாக. ஆனால் கணக்கு முடிக்கும் படிவத்தைக் கொஞ்சம் பாருங்கள். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள்.