ஒரு தட்டா, இரு தட்டா? சங்கரன்கோவில் வட்டார இடைவெளிச் சமயங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சங்க இலக்கியத்தில் நண்டு, நாரை, ஞாழல் என்று ஒன்று விடாமல் முனைவர் பட்டம் வாங்கி முடித்துவிட்ட தமிழ்கூறு நல்லுலகம், முற்றுப்புள்ளிக்குப் பின்னால் ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்டவேண்டும் என்ற வினாவை மட்டும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளின் பொறுப்பில் விட்டுவிட்டது. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். களம், சங்கரன்கோவில். திருநெல்வேலி இருக்க, தென்காசி இருக்க, இவ்வூரை ஏன் எடுத்தீர் என வினவுவார் உளர். காரணம் உண்டு.

இவ்வூரின் தலபுராணமே ஒரு கட்சிச் சண்டையில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று நாக அரசர்கள் இருவர். ஒருவர் சிவனே பெரியவர் என்கிறார். மற்றவர் திருமாலே என்கிறார். வழக்கு கோமதி அம்மனிடம் போகிறது. அம்மன் புன்னை வனத்தில் தவமிருக்க, ஆடி உத்திராடத்தில் ஒரே திருமேனியில் பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாகக் காட்சி கிடைக்கிறது. இதைத்தான் ஆண்டுதோறும் ஆடித்தபசு என்று ஊர் கொண்டாடுகிறது. ஆய்வாளர் இங்கே நோக்கவேண்டியது, சங்கரனுக்கும் நாராயணனுக்கும் நடுவே ஒரு தட்டுகூட இடைவெளி இல்லை என்பது. ஆனால் கோயிலுக்குள் நுழைந்து பார்த்தால், சங்கரலிங்கர் சந்நிதிக்கும் அம்மன் சந்நிதிக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் சங்கரநாராயணர் எழுந்தருளியிருக்கிறார். இடைவெளியே சந்நிதியாகிவிட்ட ஊரை விட்டுவிட்டு வேறெங்கே போய் இடைவெளியை ஆராய்வது?

நிற்க. இவ்வட்டாரத்தில் வழங்கும் சமயங்களுள் மூத்தது இரட்டைத்தட்டர் சமயம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் அனைவரும் இதற்குள் அடக்கம். காலை ஆறு மணி பேட்ச்சுக்கு சைக்கிளில் போய், ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று தாள் தாளாக அடித்து முடித்தபின் இவர்களுக்கு உபதேசம் ஆவது: “ஃபுல் ஸ்டாப்புக்கு ரெண்டு, கமாவுக்கு ஒண்ணு.” ஏன் என்று கேட்ட மாணவர் எவரும் இல்லை. உபதேசத்துக்குக் காரணம் கேட்பது மரபன்று. வலது கட்டைவிரல் அன்று கற்றதை ஆயுள் முழுக்க மறப்பதில்லை. குரூப் ஃபோர் எழுதித் தட்டச்சராகி, பதவி உயர்ந்து, பென்ஷன் வாங்கிய பிறகும், பேரன் அனுப்பிய வாட்ஸப் செய்திக்குப் பதில் எழுதும்போது அந்த விரல் இருமுறைதான் தட்டுகிறது. ஆங்கிலத்தில் அடிக்கும்போது கைப்பேசியோ அந்த இரு தட்டையே முற்றுப்புள்ளியாக மாற்றிவிடுகிறது. புள்ளிக்குத் துணையாக வந்த தட்டு, புள்ளியைப் பெறும் சக்தியே பெற்றுவிட்டது. இரட்டைத்தட்டர் இதை முக்தி நிலை என்று கொள்ளலாம்.

இரண்டு தட்டு ஏன் வந்தது எனின், எந்திரத்தின் குணத்தால் வந்தது. தட்டச்சுப்பொறியில் ஒல்லி எழுத்துக்கும் பருத்த எழுத்துக்கும் ஒரே அகலம்தான். ஆங்கிலப் பொறியில் ‘ஐ’யும் ‘எம்’மும் ஒரே அளவு நிலத்துக்குப் பட்டா வாங்கியவை. தமிழ்ப் பொறியில் ‘ர’ சோம்பல் முறிக்க, ‘ண’ ஒடுங்கி உட்காரும். அப்படிப்பட்ட வரிசையில் முற்றுப்புள்ளி ஓர் எழுத்தின் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு நட்டநடுவில் நிற்கும். வாக்கியம் முடிந்ததா, மை சிந்தியதா என்று தெரியாது. கூடுதலாக ஒரு தட்டு விட்டால்தான் கண் நிற்கும்.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப்படும் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா (பிறப்பு 1886), நம் எழுத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைக்க நகரா விசை என்று ஒன்றைக் கையாண்டார். அதை அடித்தால் எழுத்து விழும், ஆனால் உருளை நகராது. ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிக்கவேண்டும். வண்டி நகராமல் நிற்கும். பிறகு ‘க’வை அடித்தால் அது புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும். இதிலிருந்து இவ்வாய்வு கண்ட உண்மை பெரிது: மெய்யெழுத்தின் தலைமேல் ஏறிய புள்ளிக்குத் தனக்கென்று ஓர் இடமும் கிடையாது, வாக்கியத்தின் காலடியில் விழுந்த புள்ளிக்கோ தனக்கு ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று இடம். உயர்ந்த பதவியில் இருப்பவருக்கு இடமே இல்லாத துறை தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

இத்தட்டு ஆராய்ச்சியில் அயல்நாட்டாரும் சளைத்தவர் அல்லர். அமெரிக்காவின் ஸ்கிட்மோர் கல்லூரியில் 2018இல் மாணவர்கள் 60 பேரின் கண்ணசைவைக் கருவியால் அளந்து, இரண்டு தட்டு வாசிப்புக்கு உதவுமா என்று பார்த்தார்கள். வாசிக்கும் வேகத்துக்கு உதவுகிறது, அதுவும் வழக்கமாக இரண்டு தட்டுத் தட்டுபவர்களுக்கு மட்டும், கொஞ்சமாக. சோதனைக்கு எடுத்த எழுத்துரு, தட்டச்சுப்பொறியைப் போலவே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் கூரியர் நியூ. மாப்பிள்ளை வீட்டாரையே நடுவராக வைத்த பஞ்சாயத்து என்க. 2020இல் மைக்ரோசாஃப்ட் வேர்டு இரண்டு தட்டைப் பிழை என்று கோடிட்டுக் காட்டத் தொடங்கியது. ஒற்றைத்தட்டர் சமயம் அரசமத நிலை எய்தியது அன்றுதான்.

தமிழ் முன்னோர் இரு கட்சியிலும் சேராதவர்கள். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, ஓலை கிழியும் என்று மெய்க்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. படிப்பவன் பிரித்துக்கொள்ள வேண்டியது. பிரிப்பதில் தகராறு வந்தால் அதற்கும் இலக்கணம் இருந்தது: பிரிமொழிச் சிலேடை. ‘பலகை’ ஒரு மரச்சாமானா, ‘பல கை’யா என்பது கேட்பவன் சாமர்த்தியம். நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைநிறுத்திய பெருமையை ஆறுமுக நாவலருக்கு (1822–1879) அளிப்பது வழக்கம். குறி வந்தது, பின்னாலேயே இடைவெளியும் வந்தது, சிலேடைக்காரர் பிழைப்பில் மண் விழுந்தது.

இடைவெளியை அடியோடு மறுக்கும் சமயம் ஒன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் அதன் ஆச்சாரியர்கள். ‘ரூ.’ என்ற புள்ளிக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே நூல் நுழைய விடமாட்டார்கள். விட்டால் முன்னால் ஓர் ஒன்று குடியேறிவிடும். எண்ணின் வாலில் சாய்கோடும் சிறுகோடும் போட்டுக் கதவடைப்பார்கள். எழுத்தில் எழுதினால் ‘மட்டும்’ என்று முடிப்பார்கள். வரி பாதியில் நின்றால் மீதி வெற்றிடத்தை ஓரம் வரை கோடிழுத்து நிரப்புவார்கள். இவர்களுடைய தத்துவத்தில் சூனியம் என்பது மோட்சமன்று, வில்லங்கம்.

இனி, ஆய்வாளர் நடுநிலை தவறும் இடம். முன்தட்டர் என்று ஒரு கூட்டம் உண்டு. ‘வருக ! வருக !!’ என்று குறிக்கு முன்னால் இடம் விடுபவர்கள். பிரெஞ்சுக்காரரும் ஆச்சரியக்குறிக்கு முன் இடம் விடுவர், ஆனால் அவர்கள் அச்சில் அது பிரியாத மெல்லிய இடைவெளி. நம்மவர் விடுவது முழுத் தட்டு. விளைவை ஆடித்தபசு சமயத்தில் ரதவீதிகளில் கட்டிய ஃப்ளெக்ஸ்களில் காணலாம். ‘பக்தகோடிகளே’ மேல்வரியில் நிற்க, ஆச்சரியக்குறி மட்டும் கீழ்வரியின் தலையில், வரவேற்க ஆளில்லாமல் தனியாக. டி.டி.பி. கடைத் தம்பியிடம் கேட்டால், “அப்படி விட்டாத்தான் சார் எடுப்பா இருக்கும்” என்கிறார். இதற்கு மறுப்பு எழுத இலக்கணத்தில் இடமில்லை.

தலைப்பெழுத்துச் சிக்கலும் இங்கே சொல்லத்தக்கது. தமிழில் ‘மு.க.ஸ்டாலின்’ என்று ஒட்டி எழுதுவதே நாட்டு வழக்கு. தப்பித்தவறி ஒரு தட்டு விட்டால், வரி முடியும் இடத்தில் ‘மு.’ இங்கேயும் ஆள் அடுத்த வரியிலும் போய்விடுவர். ஆனால் ஆதாரில் புள்ளி, பான் அட்டையில் தட்டு, பேங்க் பாஸ்புக்கில் இரண்டும் இல்லை என்றால் ஒரே மனிதர் மூவராகிறார். சங்கன், பதுமன் வழக்கில் இருவர் ஒருவரானார். இ-சேவை மையத்தில் இது தலைகீழாக நடக்கிறது.

ஈற்றில் ஊர்ப்பெயர். ‘சங்கரன்கோவில்’ ஒரு சொல்லா, ‘சங்கரன் கோவில்’ இரு சொல்லா? ஆறாம் வேற்றுமைத் தொகை, ஊர்ப்பெயர் ஆதலின் சேர்த்தே எழுதுக என்று இலக்கணிகள் கூறுவர். இரண்டையும் பேருந்து நிலையத்தில் ஒரே பகலில் பார்க்கலாம். இதன் விதியைத் தேடி ஆய்வாளர் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரை அணுகினார். அவர் கையிலிருந்த பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டே சொன்னது இது: “தகரம் நீளமா இருந்தா பிரிச்சு எழுதுவோம். குட்டையா இருந்தா சேத்து எழுதுவோம். இன்னும் குட்டையா இருந்தா ‘சங்.கோவில்’னு போட்ருவோம் சார்.”