ஒரே ராத்திரியில் ஓடிப்போன முட்டிவலி

வாய்யா மாப்ளே, உட்காரு. முந்தாநேத்து சுவரைப் பிடிச்சி நடந்தே. இன்னிக்கு சிடாம் கிரி ரோட்டுல மோட்டார் உதைக்கிறே! என்ன முழுங்கினே? பசார் மாலாம்ல வாங்கின மூலிகையா? இருக்கும், இருக்கும். டைக்ளோபினாக் மரத்து வேரா இருக்கும்.

சிரிக்காதே. மூலிகைன்னு சொல்லி உள்ளுக்குள்ள டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்து வித்ததை நம்ம சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை பிடிச்சிருக்கு. வேரும் தழையும் இவ்வளவு சுறுசுறுப்பா வேலை செஞ்சா, உள்ள வேற ஆளு ஒளிஞ்சிருக்கான்னு அர்த்தம். டப்பாவுல ஹோலோகிராமும் மால் நம்பரும் பார்த்தியா? புலிப் படத்தைப் பார்த்தே, வாங்கிட்டே.

அது பத்தாதுன்னு கிளினிக்ல கொடுத்த பொன்ஸ்டான் வலி மாத்திரையையும் கூடப் போட்டியாமே, கெட்டிக்காரன்! ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கய்யா. சேர்ந்து வந்தா வலி ரெண்டு பங்கா குறையாது. வயித்துல புண்ணுதான் சீக்கிரம் வரும். பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட்ல பார்மசி படிக்கிற என் பேத்தி சொல்றா: வலியைக் கிளப்புற புரோஸ்டாகிளாண்டின்தான் வயித்துச் சவ்வையும் காக்குதாம், கிட்னிக்கு ரத்தத்தையும் திறந்து விடுதாம். மாத்திரை அதை அடைக்குது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு 1971ல சொன்ன ஜான் வேனுக்கு 1982ல நோபல் கொடுத்தாங்க. உனக்கு என்ன கொடுக்கிறது?

இந்தியாவுல மாட்டுக்கு டைக்ளோபினாக் போட்டாங்க. அந்த மாட்டுப் பிணத்தைத் தின்ன கழுகுங்க கிட்னி போய்க் கூட்டம் கூட்டமா செத்துச்சு. 2006ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு. கழுகு உடம்பு வேற, உன் உடம்பு வேறதான். ஆனா அது அழுகின பிணத்தையே செரிச்ச வயிறு. நீ ரெண்டு ரொட்டி சானாய்க்கே ஏப்பம் விடுற ஆளு.

உனக்கு இனிப்பு நீர் வேற. பிரஷர் மாத்திரை, தண்ணி இறக்குற மாத்திரை, அதுக்கு மேல இந்த வலி மாத்திரையும் போட்டா கிட்னி என்னத்துக்கு ஆகும்? டெங்கியோன்னு சந்தேகப்படுற காய்ச்சல்ல இதைத் தொடவே தொடாதே, ரத்தக் கசிவு வரும். அப்போ பனடோல்தான், அதுவும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல போனா ஈரல் கெடும்.

டாக்டர் வலி மாத்திரை எழுதினா, சாப்பிட்டுட்டுப் போடு. சொன்ன நாளோட நிறுத்து. வெளிக்கி தார் மாதிரி கருப்பா போனா வெட்கப்பட்டு வீட்டுல குந்தாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

டப்பாவைக் கொண்டா, பேத்திகிட்ட காட்டலாம். மீதியை ஏன்யா பாக்கெட்டுல ஒளிக்கிறே? மாமியாருக்கா? அந்தம்மாவுக்கும் பிரஷர் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா, நீ வேணும்னேதான் கொடுத்தேன்னு ஊரே சொல்லும், நானும் சொல்வேன்.