அரைக்காசுக் கல்யாணம், அதில் கொஞ்சம் வாண வேடிக்கை

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். பையைக் கீழே வைக்கவில்லை, "மாமா, நீங்க 'டாக்டர் ஹூ' பாத்ததே இல்லையா?" என்றான். தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவனைப் பார்க்கிற பார்வை. அறுபது வருஷத்துக்கு முந்தைய தொடராம். அப்படியானால் இன்றைக்கே பார்க்க என்ன அவசரம், எங்கே ஓடிவிடப் போகிறது என்றேன்.

"ஓடிடுச்சு மாமா. நிறைய எபிசோட் காணோம்."

சைக்கிள் காணாமல் போகும், செருப்பு காணாமல் போகும். டிவி தொடர் எப்படிக் காணாமல் போகும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தேன். முதலில் பாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றான் பையன்.

கதை 1963 லண்டனில் ஆரம்பிக்கிறது. சூசன் என்று பதினைந்து வயசுப் பெண். அறிவியலில் வாத்தியாரை மிஞ்சுகிறாள். ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங் என்று கேட்டால் விழிக்கிறாள். நீங்கள் இன்னும் தசம முறைக்கு வரவில்லையா என்கிறாள். இங்கிலாந்து தசம முறைக்கு வந்தது 1971-ல். நான் பார்த்த வரையில் இந்தத் தொடர் சொன்ன ஜோசியத்தில் பலித்தது அது ஒன்றுதான்.

சந்தேகப்பட்ட அறிவியல் வாத்தியாரும் சரித்திர டீச்சரும் அவள் வீட்டைத் தேடிப் போகிறார்கள். அந்த விலாசத்தில் இருப்பது ஒரு காயலான் கடை. உள்ளே ஒரு போலீஸ் பெட்டி. அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் போலீசைக் கூப்பிட டெலிபோனோடு நின்ற மரக் கூண்டு போன்ற சமாச்சாரம். நீல நிறமாம், கறுப்பு வெள்ளையில் எனக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கல்யாண மண்டபம் அளவுக்கு இடம். ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்தக் காட்சியில் பிரமிப்பைவிடப் பொறாமைதான் வந்தது. உள்ளே இருக்கிற கிழவர், சூசனின் தாத்தா, வந்த இரண்டு பேரையும் அப்படியே கற்காலத்துக்குக் கடத்திக்கொண்டு போகிறார். வேற்றுக்கிரகத்து மேதையாம். நடத்தையைப் பார்த்தால் வாடகை பாக்கிக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்கிறவர் மாதிரி இருந்தது.

"ஏண்டா, காலத்தையே கடக்கிற வண்டிக்கு போலீஸ் பெட்டி வேஷம் எதுக்கு?"

"எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருக்கு ஏத்த மாதிரி அது தன்னை மாத்திக்கணும் மாமா. அந்தப் பார்ட் ரிப்பேர்."

ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. வாராவாரம் புதுசாக ஒரு வண்டி செய்யக் காசு இல்லை. ஒரு எபிசோடுக்கு ஒதுக்கிய தொகை சுமார் 2,300 பவுண்டு. அதற்குள் கற்காலமும் வேண்டும், வேற்றுக்கிரகமும் வேண்டும். அரைக்காசுக்குக் கல்யாணம், அதில் கொஞ்சம் வாண வேடிக்கை என்று நம் ஊரில் சொல்வார்களே, பி.பி.சி. அதற்கு ஸ்டூடியோவே வைத்திருந்தது. பெயர் லைம் குரோவ். பழசு, நெரிசல், விளக்கு போட்டால் அடுப்பங்கரை.

தொடர் பிறந்த கதையும் அப்படி ஒன்றும் ஞானோதயம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டு நிகழ்ச்சி முடியும். அப்புறம் இளசுகளுக்கான பாட்டு நிகழ்ச்சி ஆரம்பிக்கும். நடுவில் ஒரு பொந்து. அந்தப் பொந்தை அடைக்க ஏதாவது வேண்டும். நாடகப் பிரிவுத் தலைவராகப் புதிதாக வந்திருந்த சிட்னி நியூமன் என்ற கனடாக்காரர், அறிவியல் கதையாக இருக்கட்டும், பிள்ளைகள் சரித்திரமும் விஞ்ஞானமும் கற்றுக்கொள்ளட்டும் என்றார். ஒரே ஒரு கட்டளை போட்டார்: முட்டைக் கண் ராட்சசன் எவனும் உள்ளே வரக்கூடாது.

தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 27 வயசு. இயக்குநர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன், 24 வயசு. கோட்டும் டையுமாகப் பெரியவர்கள் நிறைந்த கட்டடத்தில் ஒரு சின்னப் பெண்ணையும் ஒரு இந்தியப் பையனையும் நம்பி ஒரு தொடரைக் கொடுத்தார்கள் என்றால், அது வேறு யாருக்கும் வேண்டாத தொடர் என்பது என் கட்சி.

செப்டம்பர் 27 அன்று முதல் எபிசோடைப் பதிவு செய்தார்கள். விண்கலத்தின் கதவு மூடவில்லை. பிரபஞ்சத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்வந்த வாகனத்தின் கதவு, வசனத்துக்கு நடுவே மழைக்கால ஜன்னல் மாதிரி படார் படார் என்று அடித்துக்கொண்டது. அதைப் பார்த்த நியூமன் இரண்டு பேரையும் சாப்பிட அழைத்துப் போய், நியாயப்படி உங்களை வேலையை விட்டே அனுப்பியிருக்க வேண்டும், போய் மறுபடி எடுங்கள் என்றாராம். வேலை போகிற சேதி சாப்பாட்டோடு வந்தால் எதை முதலில் விழுங்குவது? அக்டோபர் 18-ல் மறுபடி எடுத்தார்கள். கதவு மூடியது.

கிரகம் மட்டும் திறந்தபடியே இருந்தது. ஒளிபரப்பு நாள் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. முந்தின நாள் டாலஸில் கென்னடியைச் சுட்டுவிட்டார்கள். உலகமே செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது, லண்டனில் ஒரு கிழவர் வாத்தியார்களைக் கடத்தியது யார் கண்ணில் படும்? போதாக்குறைக்குச் சில ஊர்களில் மின்சாரம் வேறு போய்விட்டது. அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை இன்னொரு தடவை போட்டார்கள். துஷ்டி வீட்டுக்காகத் தள்ளிவைத்த காதுகுத்து மாதிரி.

இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எபிசோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கற்கால மனிதர்கள் நெருப்பு எங்கே, நெருப்பு எங்கே என்று சண்டை போடுகிறார்கள். மூன்று வாரமாகத் தீப்பெட்டி தேடும் கதை. நான் இடையில் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பும்போதும் அவர்களுக்கு நெருப்பு கிடைத்திருக்கவில்லை.

சத்தம் மட்டும் பிரமாதம். ரான் கிரெய்னர் எழுதிய இசையை டீலியா டெர்பிஷயர் என்ற பெண்மணி வாத்தியக் கோஷ்டி எதுவும் இல்லாமல், காந்த நாடாவை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டியே உருவாக்கியிருக்கிறார். வண்டி கிளம்பும்போது பிரபஞ்சமே மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை ஒரு பழைய பியானோவின் கம்பியில் இழுத்து எடுத்தது. பூட்டைத் திறக்காத சாவிக்கு இப்படி ஒரு யோகம்!

ஐந்தாவது எபிசோடிலிருந்து வேறு கதை. எழுதியவர் டெரி நேஷன், நகைச்சுவை நடிகர் டோனி ஹேன்காக்கிடம் எழுத்து வேலை பார்த்தவர். டாக்டர் ஹூவில் எழுத முதலில் மாட்டேன் என்றவர், அந்த வேலை போனதும் சரி என்றார். எழுதிக் கொடுத்ததோ நியூமன் எதை வரக்கூடாது என்றாரோ அச்சு அசலாக அதையே: டாலெக் என்ற இயந்திர ராட்சசர்கள். மேலிடத்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தூக்கிப் போட்டிருப்பார்கள், அந்தத் தேதிக்குள் தயாராக வேறு கதை இல்லை. வேறு வழி இல்லை என்பதைவிட நல்ல இலக்கியத் தேர்வுக் குழு எதுவும் இந்தத் தொடருக்கு வாய்க்கவில்லை.

டாலெக்கை வடிவமைத்திருக்க வேண்டியவர் அப்போது பி.பி.சி.யில் மாதச் சம்பளத்துக்கு இருந்த ரிட்லி ஸ்காட். பின்னாளில் 'ஏலியன்' எடுத்த அதே ஸ்காட்தான். தேதி ஒத்துவராமல் வேலை ரேமண்ட் கியூசிக்கிடம் போனது. நாற்காலியில் ஒரு ஆளை உட்கார வைத்து, அவரைச் சுற்றிக் கூடு கட்டினார் கியூசிக். உள்ளே இருக்கிற ஆள் காலால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அண்டசராசரத்தை அழிக்க வந்த படை, நடைவண்டி ஓட்டுகிறது. அதற்குக் கை? சிங்க் அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்போமே, ரப்பர் கிண்ணம் வைத்த கம்பு, அதைச் செருகிவிட்டார்கள்.

1963 டிசம்பர் 21 அன்று சரித்திர டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலற, அவரை நோக்கி வந்தது அந்தக் கம்பு மட்டும்தான். பிள்ளைகள் ஒரு வாரம் தூக்கமில்லாமல் காத்திருந்தார்களாம். நான் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். சிரிப்பு வந்தது, தொண்டையில் நின்றது. டாலெக்கின் குரல் அப்படி. முகம் இல்லாத, ஈவு இரக்கம் இல்லாத, தாலுகா ஆபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து வருகிற குரல்.

அதற்கப்புறம் இங்கிலாந்தே டாலெக் பைத்தியம் பிடித்து அலைந்தது. பொம்மை, புத்தகம், சினிமா. உரிமையில் பங்கு வைத்திருந்த நேஷன் பணக்காரர் ஆனார். சம்பள ஆளான கியூசிக்குக் கிடைத்தது நூறு பவுண்டு வாக்கில் ஒரு இனாம். எழுதினவன் பெயர் எடுப்பதும் செய்தவன் கை காய்ப்பதும் லண்டனிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

டாக்டராக, அதாவது அந்தக் கிழவராக, நடித்த வில்லியம் ஹார்ட்னல் அடிக்கடி வசனத்தைக் கோட்டைவிடுவார். கதிர்வீச்சு மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் கதிர்வீச்சுக் கையுறை என்கிறார். திரும்ப எடுத்தால் நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும், வெட்டினால் செலவு. ஆகவே பிரபஞ்ச மேதை கையுறை என்றால் கையுறைதான். 1966-ல் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. கதாநாயகன் போனால் தொடர் முடிய வேண்டும். இவர்கள் அவரைத் தரையில் படுக்க வைத்து, முகத்தைப் பளிச்சென்று வெளுக்க வைத்து, பேட்ரிக் டிரவுட்டனாக எழுப்பிவிட்டார்கள். இந்த ஆள் மாறாட்டத்துக்கு ஒழுங்காக ஒரு பெயர் வைக்கவே 1974 ஆனது. நம் சீரியல்களில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போடுவார்களே, அதே சங்கதிதான். அங்கே அதை விஞ்ஞானம் என்கிறார்கள்.

"அந்த எபிசோடப் போடுடா."

"அதான் மாமா காணோம்."

அப்போதுதான் சொன்னான். வீடியோ நாடா விலை ஜாஸ்தி. ஒரு தடவை ஒளிபரப்பியதைத் திரும்பப் போட நடிகர் சங்க ஒப்பந்தம் எளிதில் விடாது. அலமாரியிலோ இடம் இல்லை. அதனால் நாடாவை அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். வெளிநாட்டுக்கு விற்கப் போட்ட ஃபிலிம் பிரதிகளையும் 1970-களில் வெளியே எறிந்தார்கள். சிக்கனத்தில் பிறந்த பிள்ளையைச் சிக்கனமே விழுங்கிவிட்டது. முகம் மாறுகிற அந்தச் சில விநாடி மட்டும், வேறொரு பிள்ளைகள் நிகழ்ச்சி கடன் வாங்கிக் காட்டியதால் பிழைத்தது.

மீதியை ஊர் ஊராகப் பொறுக்குகிறார்கள். 1983-ல் லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு. பிறகு ஹாங்காங்கில் ஒரு முழுக் கதை. 2013-ல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியா. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று அந்த ஊர்த் தணிக்கைக்காரர்கள் வெட்டியெடுத்த துண்டுகளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்கள். முழு எபிசோடுகள் போய்விட்டன; கழுத்து நெரிப்பதும் கத்தி வீசுவதும் மட்டும் அரசாங்கப் பாதுகாப்பில் நலமாக இருக்கின்றன.

ராத்திரி 'மார்க்கோ போலோ' போட்டான். ஏழு எபிசோடு, ஏழும் காணோம். படம் கிடையாது. அன்றைக்கு வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களின் புண்ணியத்தில் சத்தம் இருக்கிறது. ஜான் குரா என்ற போட்டோக்காரர் கட்டணம் வாங்கிக்கொண்டு டிவி திரையையே படம் பிடிப்பார். அவர் எடுத்த ஸ்டில்கள் ஹுசைனிடம் இருந்து கிடைத்தன. அசையாத மார்க்கோ போலோ, அசையாத ஒட்டகம், பின்னால் பாலைவனக் காற்று. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, படம் அப்படியே நிக்குது? நெட் போயிடுச்சா?"

"இல்ல அத்தை, பி.பி.சி.காரங்க அழிச்சிட்டாங்க."

"அப்ப மறுபடி எப்ப வரும்?"

"ஆப்பிரிக்கால தேடிட்டு இருக்காங்க அத்தை."

"சரி, கெடைச்சதும் சொல்லு. இப்ப சாப்பிட வாங்க ரெண்டு பேரும்."