மணக்கடவில் எத்தனை கியூசெக்ஸ்?

கேரள–தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இரண்டு மாநிலமும் சொந்தம். பேச்சு தமிழ், சினிமா தமிழ், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலை. ஆனால் இரண்டாம் போகத்துக்கு மூலத்தறைத் தடுப்பணைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் நாங்கள் பச்சை மலையாளிகள். வறட்சி ஆண்டு ஒன்றில் கோபாலபுரம் எல்லையில் தமிழ்நாட்டு வண்டிகளை மறித்தார்கள். காலையில் அங்கே நின்று தமிழ்நாடு அரசுக்கு எதிராக மலையாளத்தில் கோஷம் போட்டவர்களில் பாதிப்பேர் சாயங்காலம் அதே ரோட்டில் பொள்ளாச்சிக்குக் கல்யாண வரவேற்புக்குப் போனார்கள். பந்தியில் தண்ணீர் வரத் தாமதமானபோது எங்கள் ஆள் ஒருவர், "ஏனுங்க, இங்கயும் ஏழேகால் கணக்குத்தானுங்களா?" என்று கேட்டார். சம்பந்தி வீட்டாருக்குப் புரியவில்லை. எங்கள் வரிசை மட்டும் சிரித்தது.

ஏழேகால் என்பது 7.25 டிஎம்சி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் மணக்கடவில் பாலக்காட்டுச் சித்தூருக்குத் தமிழ்நாடு விடவேண்டிய அளவு. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1970 மே 29. அமலுக்கு வந்த நாளாக எழுதியிருப்பதோ 1958 நவம்பர் 9. கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதிய பத்திரிகை என்பார் எங்கள் மெம்பர் மாமா. முப்பது ஆண்டு கழிந்ததும் மறுபரிசீலனை செய்யலாம் என்றும் அதில் உண்டு. கணக்குப் போட்டால் 1988.

மாமா என்று முறை வைத்துக் கூப்பிட்டாலும் அவர் ஊருக்கே மெம்பர். கேரளத்தில் 1963-இல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது, அடுத்தது 1979-இல்தான். ஐந்து வருஷம் என்று உள்ளே போனவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. 79-இல் மாமா ஜெயித்தபோது அவருக்கு முன்பு இருந்தவர் கைகொடுத்து, "நான் குடுத்த மனுவெல்லாம் பெட்டியில இருக்குது, தேதிய மட்டும் மாத்திக்க" என்றாராம்.

மாமா தேதியை மட்டும் மாற்றுகிறவர் அல்ல. திருவனந்தபுரத்துக்கு நேரிலேயே போவார். மலையாளம் எழுதத் தெரிந்த காலேஜ் பையன் என்று என்னையும் கூட்டிப் போவார். பஸ்ஸில் பாலக்காடு, அங்கிருந்து இரவு ரயில், விடிந்தால் எம்எல்ஏ ஹாஸ்டலில் தொகுதிக்காரர் அறையில் குளியல். பையில் நான்கு பிரதி மனு, மணக்கடவில் என்றைக்கு எத்தனை கியூசெக்ஸ் வந்தது என்று அவரே எழுதி வைத்த நோட்டு, அப்புறம் ஒரு துணிப்பையில் நிலக்கடலை. கடலை லஞ்சம் அல்ல, சாட்சி. மழை மறைவில் கிடக்கும் எருத்தேன்பதி, வடகரப்பதி மண்ணில் என்ன விளைகிறது என்று தலைநகரத்துக்குக் காட்ட வேண்டும் அல்லவா?

ஆபீசில் இருந்த குமாஸ்தா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. "இத்ர நல்ல கடலயுண்டல்லோ, பின்னெ எந்தா பராதி?" என்றார். இவ்வளவு நல்ல கடலை விளைகிற ஊருக்கு என்ன குறை! மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை தேடிப் பொறுக்கிச் சூம்பிப்போன கடலையாகக் கொண்டு போனார். குமாஸ்தா உடைத்துப் பார்த்துவிட்டு, இது விதைக் கோளாறு, விவசாயத் துறைக்குப் போங்கள் என்று எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். திரும்பும் ரயிலில் மாமா என்னிடம், "கண்ணு, இவிங்ககிட்ட நல்லதக் காட்டினாலும் ஆகாது, கெட்டதக் காட்டினாலும் ஆகாதுடா" என்றார். பாதி வழியில் அந்தச் சூம்பல் கடலையை நாங்களே தின்று தீர்த்தோம்.

கொஞ்சம் பெரிய அதிகாரி ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: 88-இல் மறுபரிசீலனை வரும், அதுவரை பொறுங்கள். மாமா நம்பினார். 88 பிறந்தது. ஜனவரியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மறுபரிசீலனை வரவில்லை.

தண்ணீர் வராத ஊர் என்றேனே தவிர, எங்கள் ஊரிலிருந்து போகிற ஒன்று நின்றதே இல்லை. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர்த் தாலுக்கா தென்னையிலிருந்துதான் வண்டி வண்டியாகக் கள் போகிறது. எங்கள் மரங்களின் எண்ணிக்கை எக்சைஸ் துறைக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த மரங்களின் வேர் எதைக் குடிக்கிறது என்பது வேறு துறை.

பக்கத்துப் பெருமாட்டிக்காரர்கள் எங்களைப் போல் இல்லை. பிளாச்சிமடையில் 34 ஏக்கரில் 2000-இல் வந்த கொக்கோ கோலா ஆலைக்கு 2003-இல் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்று பஞ்சாயத்தே சொல்லிவிட்டது. அந்த ஊர் மயிலம்மா போன்றவர்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பிறகு உயர்மட்டக் குழு நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்றது. 2011-இல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது. 2021-இல் அந்த ஆலைக் கட்டடம் கோவிட் சிகிச்சை மையமானது. அரசு அங்கே கட்டில் போட்டது, இழப்பீடு போடவில்லை.

முதலமடைப் பஞ்சாயத்தின் கதை இன்னும் விசேஷம். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் நிற்கிறது, நடத்துவது தமிழ்நாடு. அங்குள்ள காடர், மலசர் குடிகளின் பஞ்சாயத்து ஆபீஸ் முதலமடையில். அந்த ஆபீசுக்கு வரவேண்டுமானால் டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்ற வேண்டும். தங்கள் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுக்க வேறு மாநிலம் வழியாகப் போகிறவர்கள்! 2020 காந்தி ஜெயந்தியன்று தேக்கடிக் குடிக்காரர்கள் (இடுக்கியில் யானை பார்க்கப் போகிற தேக்கடி அல்ல, அது வேறு) செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்ட இறங்கினார்கள். வனத்துறை வழக்குப் போட்டது. அத்தனை வருஷ மனுக்களுக்கு அரசு அவ்வளவு விரைவாகப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2018-இல் எங்களுக்கும் ஒரு பொற்காலம் வந்தது. சித்தூர் எம்எல்ஏ கே. கிருஷ்ணன்குட்டி நீர்வளத் துறை அமைச்சரானார். விவசாயி, பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசியே வளர்ந்தவர். மனு வாங்க வேண்டிய நாற்காலியில் மனுவை மனப்பாடமாகத் தெரிந்தவர் உட்கார்ந்தால் எழுதுகிறவனுக்கு என்ன வேலை? 2019 செப்டம்பர் 25-ஆம் தேதி அப்போதைய முதல்வர்கள் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, பேசித் தீர்க்க ஒரு குழு என்று முடிவு செய்தார்கள். 88-இல் வரவேண்டியதற்கு 2019-இல் குழு. மாமா அதைக் கேட்க இல்லை. இருந்திருந்தால் நோட்டை எடுத்திருப்பார்.

2022 செப்டம்பரில் ஒருநாள் விடிவதற்குள் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. யாரும் கேட்காமல், எந்த மனுவும் இல்லாமல், கேரளத்துக்குத் தண்ணீர் பாய்ந்து வந்தது. ஆனால் சாலக்குடிப் பக்கம். அங்கே அவர்கள் வெள்ள அபாய எச்சரிக்கை விட்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த வருஷம் அரசே பஸ் ஏறி வந்தது. நவகேரள சதஸ். முதலமைச்சரும் மந்திரிகளும் ஒரே பஸ்ஸில் தொகுதி தொகுதியாக. மனு வாங்குவது மேடையில் அல்ல, கீழே கவுண்டரில், அதிகாரிகள் கையில். எங்கள் காலத்தில் ரயில் ஏறிப் போனால் ஒரு குமாஸ்தாவாவது கடலை தின்றார். இங்கே மந்திரிசபையே நம்ம ஊர் மைதானத்துக்கு வந்தும் நாம் வரிசையில் நின்று ரசீதுதான் வாங்கினோம். ரசீதில் எண் இருந்தது, அதை மறுக்கவில்லை.

2025 ஜனவரியில் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மந்திரிசபை ஒப்புதல் தந்தபோது, எங்கள் தண்ணீரை வைத்தா என்று அந்தப் பஞ்சாயத்து எதிர்த்தது. பெருமாட்டியைப் பார்த்தே வளர்ந்த வட்டாரம் அல்லவா?

எங்கள் வார்டில் இப்போது மெம்பர் ஒரு பெண். குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கணக்கெழுதிப் பழகியவர். வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுவை டைப் செய்து, வறண்ட மதகை நான்கு கோணத்தில் படமெடுத்துச் சேர்த்து, வீட்டிலிருந்தே அனுப்பினார். உடனே போனில் எண் வந்தது. சில வாரத்தில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பியதாகச் செய்தி. அங்கிருந்து ஜில்லாவுக்கு, ஜில்லாவிலிருந்து பிளாக்குக்கு. கடைசியில் உண்மை நிலவரம் குறித்து உள்ளூர் அளவில் அறிக்கை தேவை என்று பஞ்சாயத்துக்கே வந்து சேர்ந்தது. செக்ரட்டரி அதை வார்டு மெம்பரிடம் கொடுத்தார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மதகுவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: "நேரில் விசாரித்தேன். மனுதாரர் சொல்வது முழுக்க உண்மை."