வாசல் பல்பும் வைஃபை விலகலும்: ஒரு பன்முக நோக்கு

சென்னைப் புறநகரில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், வாசல் கதவுக்கு மேலே ஒன்பது வாட் ஸ்மார்ட் பல்பு ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அது தானாக எரிய வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் வாங்கியது. ஆறு மணிக்கு அது எரிவதில்லை. செயலியைத் திறந்தால் பல்பின் படத்துக்குக் கீழே சாம்பல் எழுத்தில் 'ஆஃப்லைன்' என்று இருக்கிறது.

இவ்வரிய நிகழ்வு தமிழில் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை என்பது வீட்டுக்காரரின் துணிபு. (அவர் இனி 'ஆய்வாளர்' எனப்படுவார்.) முன்னாய்வுகள் எவையும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் தேடவும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் முறைதான் இது. கருதுகோள்: பல்பு விலகுகிறது. எதிர்பார்க்கப்படும் முடிவு: பல்பு விலகுகிறது என்பது நிறுவப்படும்.

முதல் இயல் சொல்லாய்வு. ஒரு பொருளின் பெயரைப் பிரித்துப் போடாமல் அந்தப் பொருளைத் தொடக் கூடாது என்பது மரபு. 'வைஃபை' என்பதை 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று விரிப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. '802.11' என்ற எண்ணை மக்கள் வாயில் நுழைக்க முடியாது என்று கண்ட நிறுவனங்களின் கூட்டமைப்பு, 1999-இல் இன்டர்பிராண்ட் என்னும் பெயர்சூட்டும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. 'ஹைஃபை' என்பதோடு ஓசை ஒத்திருக்கட்டும் என்று எடுத்தார்கள். விரிவு பிறகு விளம்பர வாசகத்தின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே இது காரணப் பெயர் அன்று, இடுகுறிப் பெயர்.

தமிழில் 'அருகலை' என்கிறார்கள். அருகு + அலை, பக்கத்தில் உள்ள அலை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆய்வாளருக்கு இந்த எளிமை உறுத்தியது. மூன்று வாரம் யோசித்து 'அருகல் + ஐ' என்று பிரித்தார். அருகுதல் என்றால் குறைதல். அருகிவரும் பறவையினம் என்கிறோமே, அந்த அருகல். ஐ, இரண்டாம் வேற்றுமை உருபு. ஆக, 'வீட்டுக்கு அருகலை வாங்கினோம்' என்பதற்கு, மாதாமாதம் பணம் கட்டிக் குறைந்துபோவதை வாங்கினோம் என்பதே நேர்பொருள் (பால் கணக்கு நோட்டு, ப. 14).

இரண்டாம் இயல் திணை. தமிழாய்வில் எதைக் கையில் எடுத்தாலும் ஐந்திணையில் பொருத்திவிட வேண்டும். தாராவியையும் தாய்லாந்தையும் பொருத்தியாயிற்று, பல்பு எம்மாத்திரம். சேர்ந்திருத்தல் குறிஞ்சி. ரூட்டர் வேறு கருவிகளோடு உறவாட, பல்பு புறக்கணிக்கப்படுதல் மருதம். மின்வெட்டு பாலை. வாங்கிய கடையை நினைத்துப் புலம்புதல் நெய்தல். பல்பு விலகும் நேரமோ மாலை. முல்லைக்கு உரிய சிறுபொழுது மாலை. முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல். ரூட்டரைத் தேடி மினுக்மினுக்கென்று பல்பு காத்திருக்கும் காட்சி முல்லைத் திணையின் தூய வடிவம் என்று ஆய்வாளர் வாதிடுகிறார். ஏன் விலகியது என்பதற்கு இந்த இயல் விடை தரவில்லை. திணை ஆய்வுகளில் அது வழக்கமும் இல்லை.

மூன்றாம் இயல் கடவுச்சொல். சரியாகத்தான் இருக்கிறது.

நான்காம் இயல் அலைவரிசை. இங்கே ஆய்வு சற்றுத் தரையில் இறங்குகிறது. விலை குறைந்த ஸ்மார்ட் பல்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் பேசத் தெரியாது. சிப்பு மலிவாக இருக்க வேண்டும், அலையும் சுவரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. இந்தியாவில் 2005 முதல் உரிமம் இல்லாமல் எவரும் இந்தப் பட்டையைப் பயன்படுத்தலாம். எவரும் என்றால் எவரும்: பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத் ஸ்பீக்கர், வயரில்லாத மௌஸ், எல்லாம் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பட்டையில் சேனல்கள் 13. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரூட்டர் பேச எடுத்துக்கொள்ளும் இடமோ ஏறக்குறைய 20. நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுப்பது போல. இடிக்காமல் இருக்க 1, 6, 11 என்று தள்ளித் தள்ளித்தான் உட்கார முடியும். ஆறு மணிக்கு அடுக்ககம் முழுவதும் வீடு திரும்புகிறது. ஒவ்வொரு வீட்டிலும் டிவியும் செல்போனும் ஒன்றாக விழிக்கின்றன. அந்தச் சந்தடியில் பல்பின் குரல் எடுபடுவதில்லை.

குரலின் அளவையும் சொல்லியாக வேண்டும். வாசலில் ஆய்வாளரின் செல்போன் காட்டிய சமிக்ஞை மைனஸ் 70 டிபிஎம். இது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. பல்பு தாக்குப்பிடிக்கும் எல்லை கிட்டத்தட்ட இதுதான். ரூட்டர் இருப்பதோ ஹாலில், டிவிக்குப் பின்னால். அதற்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தூண், அதை ஒட்டி அம்மாவின் கல்யாணச் சீரான ஸ்டீல் பீரோ. இதை ஆய்வாளர் கவனித்துக் குறித்தும் வைத்தார் (கரண்ட் அட்டை, பின்பக்கம், பென்சில் எழுத்து, பாதி அழிந்தது). பிறகு ஐந்தாம் இயலுக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் இயல் மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் வைஃபைக்குப் பகை என்பது பலரும் அறிந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் விளங்காத சமிக்ஞைகள் சில பதிவாகிவந்தன; வானியலாளர்கள் அவற்றுக்குப் 'பெரிட்டான்' என்று பெயரும் வைத்தார்கள். 2015-இல் மூலம் தெரிந்தது. ஓடி முடிவதற்குள் யாரோ பொறுமையிழந்து மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கிளம்பியிருக்கிறது. இதற்கு முறையான ஆய்வுக் கட்டுரையும் உண்டு. கதவை எப்போது திறந்தார்கள் என்பது அதில் ஒரு தரவு. வைஃபைக்கு அடிப்படையான காப்புரிமைகளில் ஒன்றை 1996-இல் அமெரிக்காவில் பெற்ற சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தின் தொலைநோக்கிதான் அது என்பது கூடுதல் சுவை. இந்த இயலைப் படித்துக் காட்டியபோது அம்மா, "நம்ம வீட்ல மைக்ரோவேவே இல்லையேடா" என்றார். ஆய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆறு பக்கம் தட்டச்சு செய்தாகிவிட்டதால் இயலை நீக்க மனம் வரவில்லை.

ஆறாம் இயல் குடியிருப்பு உரிமை. ரூட்டர் தன்னிடம் வரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண்ணைக் குத்தகைக்கு விடுகிறது. விதிகள் 1997-இல் எழுதப்பட்டவை. குத்தகை 24 மணி நேரம் என்றால், 12 மணி நேரம் ஆனதும் புதுப்பிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 21-ஆம் மணியில் தெருவுக்கே கேட்கும்படி கூவ வேண்டும். அப்போதும் இல்லையென்றால் 24-இல் முகவரி போய்விடும். சென்னையின் 11 மாத வாடகை ஒப்பந்தத்தை அறிந்த எவருக்கும் இது புரியும். சில பல்புகளுக்கு மட்டும் மரியாதையாகக் கேட்கத் தெரிவதில்லை. ரூட்டரில் அந்தப் பல்புக்கென்று ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்த வழக்கு முடிந்துவிடும். ஆய்வாளர் ஒதுக்கினார். முடியவில்லை.

ஏழாம் இயலே ஆய்வேட்டின் உயிர்நாடி: அணைத்துப் போடுதல். உலகின் எந்த மின்கருவிக்கும் முதல் மருந்தும் கடைசி மருந்தும் இதுவே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அணைத்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் பூசல். 'பத்து விநாடியார்' என்று ஒரு பிரிவு, 'முப்பது விநாடியார்' என்று இன்னொன்று. கருவியினுள் இருக்கும் மின்தேக்கிகளில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும், அது வடிந்தால்தான் பழைய நினைவு முழுதாக அழியும் என்பது இரு சாராருக்கும் பொதுவான அடிப்படை. வடிய எவ்வளவு நேரம் என்றால், இரண்டாம் மாடி பத்து என்கிறது, மூன்றாம் மாடி முப்பது என்கிறது (வாய்மொழி மரபு, லிஃப்ட்டில் சேகரித்தது, லிஃப்ட் பழுதான நாளில் படிக்கட்டில் வைத்துச் சரிபார்த்தது). தரைத்தளத்துக் காவலாளி, "ஒரு டீ குடிச்சிட்டு வந்து போடுங்க" என்கிறார். இதை 'டீ அளவை' என்று ஆய்வாளர் வகைப்படுத்தியிருக்கிறார்; ஏழு நிமிடம், மசாலா டீ என்றால் ஒன்பது.

இருபது விநாடி வேறுபாடு பெரிதா என்று கேட்பவர்கள் தமிழாய்வின் போக்கை அறியாதவர்கள். தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளி, இரு பக்கமும் பொன்னாடை வாங்கிய துறை இது. அதை நினைத்தால் இருபது விநாடி கண்டிப்பான துல்லியம்.

வரிசை குறித்தும் பாடபேதம் உண்டு. முதலில் மோடம், பிறகு ரூட்டர், கடைசியில் பல்பு என்பது ஒரு பாடம். மின்வெட்டுக்குப் பின் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதே சிக்கல். கரண்ட் வந்ததும் பல்பு ஓரிரு விநாடியில் விழித்துவிடுகிறது. ரூட்டர் கண் திறக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் பல்பு தேடித் தேடிச் சலித்துக் கையை விரித்துவிடுகிறது. ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால் போதும் என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது. அது எழுதப்பட்ட இடம் ஆய்வுலகின் கவனத்துக்குரியது (சிலிண்டர் ரசீதின் பின்புறம், எண்ணெய்க் கறைக்கு இடப்பக்கம், இரண்டாம் கையெழுத்து, 'யுபிஎஸ்' என்பதை 'உப்பு' என்று படிப்போரும் உளர், அவர்கள் கூற்றுப்படி இது வைஃபை குறிப்பே அன்று, மளிகைப் பட்டியல், பட்டியலின் அடுத்த வரி 'புளி' என்பது அவர்களுக்குச் சாதகம்).

இதே இயலில்தான் அம்மாவின் கைமுறை இடம்பெறுகிறது. அவர் டியூப்லைட் காலத்து மனுஷி. எரியாத விளக்கை டக் டக் டக்கென்று நாலைந்து தரம் போட்டு அணைத்தால் ஸ்டார்ட்டர் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் நாற்பது ஆண்டு அனுபவத்தில் கண்ட உண்மை. ஸ்மார்ட் பல்பிலும் அதையே செய்தார். வேகவேகமாக மூன்று முறையோ ஐந்து முறையோ போட்டு அணைத்தால் எல்லாவற்றையும் மறந்து புதிதாக இணையத் தயாராகிவிடுவது பல ஸ்மார்ட் பல்புகளின் இயல்பு. திரும்ப இணைக்க நினைப்பவர்களுக்காக வைத்த வசதி. பல்பு வைஃபையின் பெயரை மறந்து, கடவுச்சொல்லை மறந்து, படபடவென்று மினுக்கியது. "லூஸ் கான்டாக்ட்டு" என்றார் அம்மா. அடுத்த நாள் சுவிட்சின் மேல் ஆய்வாளர் செல்லோடேப் ஒட்டினார்.

எட்டாம் இயல் கள ஆய்வு. எதிர்வீட்டு இணைப்பைச் சரிபார்க்க வந்த கேபிள் இளைஞரை ஆய்வாளர் வழிமறித்து ஏழு இயல்களையும் சுருக்கிச் சொன்னார். அவர் திணை வரை கேட்டுவிட்டு ரூட்டர் எங்கே என்றார். டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, பீரோவுக்கு இந்தப் பக்கம் ஷூ ரேக்கின் மேல் வைத்தார். செல்போனில் எதையோ தட்டினார்.

"சார், ரெண்டு பேண்டும் ஒரே பேர்ல இருந்துச்சு. ரூட்டர் பல்பைப் புடிச்சு அங்கயும் இங்கயும் தள்ளிட்டு இருந்துருக்கும். பிரிச்சு விட்டுட்டேன். சேனல் ஆட்டோல இருந்துச்சு, பதினொன்னுல நிப்பாட்டிட்டேன்."

"இதற்கு ஆதாரம்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"எரியுது பாருங்க சார்."

எரிந்தது. மொத்தம் நான்கு நிமிடம். டீ கூட வேண்டாம் என்று போய்விட்டார். மேற்கோள் எதுவும் காட்டப்படாததால் இந்தத் தீர்வை ஆய்வேட்டில் சேர்க்க இயலவில்லை. கட்டணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை வெளியிடும் இதழ்கள்கூட அடிக்குறிப்பு கேட்கின்றன. பின்னிணைப்பில் 'சரிபார்க்கப்படாத நாட்டார் வழக்காறு' என்று ஒரு வரி மட்டும் உண்டு.

பதினொரு நாள் பல்பு விலகவில்லை. மாதிரி அளவு போதாது என்று ஆய்வாளர் கால நீட்டிப்பு கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் பால் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தார். சரியாக ஆறு மணிக்கு பல்பு எரிந்தது. 'குறிஞ்சி' என்று எழுதினார். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு அம்மா கையில் தீப்பெட்டியோடு வந்தார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. பசை போன செல்லோடேப் விரலோடு வந்துவிட்டது. வாசல் இருண்டது.

"இன்னிக்கும் எரியலியாடா?" என்றார் அம்மா. ஆய்வாளர் செல்போன் வெளிச்சத்தில் 'குறிஞ்சி'யை அடித்துவிட்டு, பாலையா மருதமா என்று யோசிக்கத் தொடங்கினார்.