என்னையும் ஒரு வண்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்: கடைவீதியில் நடந்து போகிறவன்.
பெறுநர்: உயர்திரு ஆணையாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம். (ஊர் பெயர் எழுதவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பொருந்தும்.)
பொருள்: போக்குவரத்துக் கணக்கெடுப்பில் என்னையும் ஒரு வாகனமாகச் சேர்க்கக் கோருதல்.

ஐயா,

கடைவீதி நெரிசலைத் தீர்க்கத் தாங்கள் திட்டம் தயாரிப்பது அறிந்து மகிழ்ச்சி. நாற்சந்தியில் பச்சை மேலங்கி போட்ட பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைக் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே சாலையைக் கடந்து காட்டினேன். கோடு விழவில்லை. கேட்டதற்கு, "நடக்கிறவங்களுக்குக் கட்டம் இல்ல சார்" என்றார்கள்.

பையன்கள் மேல் தப்பில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட 64-ஆம் எண் வழிகாட்டியைப் பார்த்தேன். ஒரு காரை 1 என்று வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறார்கள். பஸ்ஸும் கைவண்டியும் 3, குதிரை வண்டி 4, மாட்டுவண்டி 8. சைக்கிள் அரை. அது ஊர்ப்புறச் சாலைகளுக்கு எழுதியது, நகரத்துக்குத் தனி அட்டவணை உண்டு. இரண்டிலும் நான் இல்லை. ஐம்பது பேர் தொங்கிக்கொண்டு வரும் டவுன் பஸ் மூன்று காருக்குச் சமம். அந்த மூன்று காரிலும் காருக்கொருவராக மூன்றே பேர் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு மாறாது. இது மரியாதைக் கணக்கல்ல, இடத்தை அடைக்கிற கணக்கு என்பீர்கள். இந்த ஊரில் இடத்தை அடைப்பவனுக்குத்தானே ஐயா இடம் கிடைக்கிறது?

நடப்பவர்களுக்கென்று அதே அமைப்பின் 103-ஆம் எண் வழிகாட்டி இருக்கிறது. அதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடை எதுவும் இருக்கக்கூடாது, விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. நம் நடைபாதை மழைநீர் வடிகாலின் மூடி. முழங்கால் உயரம். ஜவுளிக்கடை வாசலில் சாய்தளமாக இறங்கும், அடுத்து ஜெனரேட்டர், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர், பிறகு நகைக்கடை விளம்பரம் எழுதிய போலீஸ் பேரிகேட். மருந்துக்கடை அருகே ஒரு சிலாப் உடைந்து, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ புண்ணியவான் அதில் வேப்பங்கிளையைச் செருகி எச்சரித்திருக்கிறார். இதுவரை இந்த வீதியில் நடந்த சாலைப் பாதுகாப்புப் பணி அது ஒன்றுதான்.

சரி செய்யுங்கள் என்று யாரிடம் கேட்பது? தார் நெடுஞ்சாலைத்துறையுடையது, மூடி தங்களுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, பேரிகேட் காவல்துறையுடையது. விழுகிறவன் எந்த எல்லையில் விழுந்தான் என்று சர்வேயரை வைத்து அளந்தபிறகுதான் தூக்கிவிட வேண்டும் போலிருக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் மட்டும் நால்வரும் ஒன்றாக வருகிறீர்கள். பூக்கார அம்மாவின் கூடை லாரியில் ஏறுகிறது, ஜெனரேட்டர் அசைவதில்லை. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியும்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா மிதிவண்டி தருகிறது. மாலையில் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகள் மணல் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே வரிசையாக, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றியபடி நிற்பதைப் பார்க்க வாருங்கள். வண்டியைக் கொடுத்த அரசாங்கம்தான் வழியையும் கொடுக்க வேண்டும். தங்கள் திட்ட வரைபடத்தில் கார் நிறுத்த மூன்று இடம் காட்டியிருக்கிறது, சைக்கிளுக்கு ஒரு கோடுகூட இல்லை.

பஸ் நிலையத்தை பைபாஸுக்குக் கொண்டுபோகும் யோசனையை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். இதுவரை வீட்டிலிருந்து நடந்துபோய் பஸ் ஏறியவர்கள் இனி ஷேர் ஆட்டோ பிடித்துப் போவார்கள், வசதியுள்ளவர்கள் பைக் வாங்குவார்கள். அப்போது கணக்கெடுத்தால் நாங்களும் கோட்டுக்குள் வந்துவிடுவோம். நெரிசல் கூடிவிட்டது என்று சாலையை இன்னும் அகலப்படுத்தலாம். மிச்சமிருக்கும் நான்கு புங்கமரத்துக்கும் அப்போது ஒரு வழி பிறக்கும்.

கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தொழிலுக்கு நஷ்டம் என்று தெரிந்தே போட்டிருப்பார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அது உயிர் வாழும் உரிமைக்கான பிரிவு. அவ்வளவு பெரிய உரிமையெல்லாம் தங்களிடம் கேட்டு சங்கடப்படுத்த மாட்டேன்.

சைக்கிளுக்கு அரை என்றால் எனக்குக் கால் போதும். அதற்கும் விதியில் இடமில்லை என்றால், மாட்டுவண்டி வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். திட்டம் முடியும்வரை தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடைவீதியில் அதிலேயே போய்வருகிறேன். எட்டு காருக்குரிய மரியாதையை அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பாதசாரி.

இணைப்பு: ஆதார் நகல் (ஆர்.சி. புக் இல்லாததால்). இடது செருப்பின் புகைப்படம். வலது செருப்பு மருந்துக்கடை வடிகாலில், தங்கள் வசம் உள்ளது.